திறப்பை எடுத்த பிறகும் ஓடும் கரண்ட்: வாகனத்துக்குக் கமரா, சார்ஜர், செட் பூட்டுவோர் அறிய வேண்டியவை

கிளிநொச்சி மாவட்டத்தின் உட்கிராமம் ஒன்று. ஒரு திங்கட்கிழமை விடியப்புறம் மூன்று மணி. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவ வலி. அந்த ஒழுங்கையில் கார் வைத்திருப்பவர் ஒருவர்தான். வாடகைக்கு ஓடி அதில் சீவிக்கிறவர். இறுதிப் போரில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர்; செயற்கைக் கால். அதனால்தான் கிளச் மிதிக்கத் தேவையில்லாத ஓட்டோ கியர் காரைக் கடன்பட்டு வாங்கினார்.

"கார் நல்லாத்தான் இருந்தது தம்பி. வெள்ளிக்கிழமை பின்னேரம் கொண்டுவந்து விட்டனான். திறப்பைத் திருப்பினால் டிக், டிக் எண்டு சத்தம் மட்டும்தான் வந்தது. தள்ளி ஸ்டார்ட் பண்ணவும் ஏலாது, ஓட்டோ கியர்தானே" என்கிறார் அவர்.

வேறு வாகனம் ஒன்றைத் தேடிப்பிடிக்க ஒரு மணித்தியாலம் பிடித்தது. தாயும் பிள்ளையும் நலம். அடுத்த நாள் ஊர் எலெக்ட்ரீஷியன் மீற்றரை வைத்துப் பார்த்தபோது காரணம் உடனே தெரிந்தது. இரண்டு கிழமைக்கு முன்னர் பூட்டிய டாஷ் கமராவின் வயர் நேராகப் பற்றரியில் கொழுவப்பட்டிருந்தது. திறப்பை எடுத்தாலும், கதவைப் பூட்டினாலும் கமரா இரவு பகலாகப் படம் எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

கமராவில் பழுதில்லை, பற்றரியிலும் பழுதில்லை. பிழை, வயரைக் கொழுவிய இடத்தில்.

எடுக்கப் பழகியவர்கள்

வடக்கில் வாகன வயரிங் வேலைக்குத் தனியான ஒரு வரலாறு உண்டு. 1990 ஜூனில் போர் மீண்டும் வெடித்த பின்னர் குடாநாட்டுக்கு வந்த மின்சாரம் நின்றது. பெற்றோலும் ரோர்ச் பற்றரியும் தடைப்பட்டியலில் இருந்தன. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த கரண்டில் வானொலிச் செய்தி கேட்டார்கள். ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடின. கார்ப் பற்றரி வீட்டுக்குள் வந்து விளக்கு எரித்தது.

கிடைக்கிற எதிலிருந்தும் கரண்ட் எடுக்கிற கைவண்ணம் அப்படித்தான் வந்தது. அந்தத் தலைமுறையிடம் வேலை பழகியவர்கள் பலர் இன்றும் கராஜ்களில் இருக்கிறார்கள். ஆனால் அன்றைய அவசரத்தில் பழகிய ஒரு வழக்கமும் கூடவே தங்கிவிட்டது: எது பூட்டினாலும் "டிரெக்டாப் பற்றரியிலை குடுத்துவிடு" என்பது. வானொலியை நிறுத்த அன்று பக்கத்தில் ஆள் இருந்தார். இன்று பூட்டுகிற கமராவுக்கும் அம்பிளிபயருக்கும், நாம் நித்திரைக்குப் போன பிறகு நிறுத்த ஆளில்லை.

இதில் இன்னொன்றும் உண்டு. அந்தப் பழைய பிரித்தானியக் கார்களில் பெரும்பாலும் இரண்டே இரண்டு பியூஸ்தான் இருந்தன. ஏ1–ஏ2 என்று குறித்த பியூஸில் எப்போதும் கரண்ட் இருக்கும். ஹோர்னும் உள் விளக்கும் அதில். ஏ3–ஏ4 என்று குறித்ததில் திறப்பைப் போட்டால்தான் கரண்ட் வரும். வைப்பரும் பிரேக் லைட்டும் பெற்றோல் மீற்றரும் அதில். எப்போதும் வேண்டியது, திறப்போடு மட்டும் வேண்டியது என்ற பிரிப்பு அந்தக் காலத்திலேயே இருந்தது. இன்றைய காரில் பியூஸ் பெட்டிக்குள் முப்பது, நாற்பது பியூஸ் இருக்கலாம். பிரிப்பு அதேதான்.

திறப்பு என்ன செய்கிறது?

திறப்பைத் திருப்பும் இடத்தில் நான்கு நிலைகள். முதலாவது லொக். இரண்டாவது ஏசிசி: இதில் ரேடியோ, சிகரெட் லைட்டர் துளை போன்ற துணைப்பொருட்களுக்கு மட்டும் கரண்ட் வரும். மூன்றாவது ஒன்: எஞ்சினுக்கு வேண்டிய எல்லாவற்றுக்கும் கரண்ட் போகும். நான்காவது ஸ்டார்ட்: செல்ப் மோட்டார் சுற்றும்.

ஸ்டார்ட் பண்ணும் அந்த ஓரிரு விநாடிகள் ஏசிசி லைன் துண்டிக்கப்படும். பற்றரியின் பலம் முழுவதும் செல்ப் மோட்டாருக்குப் போகவேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. ஸ்டார்ட் பண்ணும்போது கமரா ஒருமுறை நின்று திரும்பவும் எரிந்தால் பயப்பட வேண்டாம். அது சரியான லைனில் இருக்கிறது என்பதற்கான அடையாளம்.

ஆகவே எதைப் பூட்டுவதானாலும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: திறப்பை எடுத்த பிறகும் இதற்குக் கரண்ட் வேண்டுமா?

ஜிபிஎஸ் ட்ராக்கர், திருட்டு அலாரம் ஆகியவற்றுக்கு வேண்டும். செட்டின் நேரத்தையும் அலைவரிசைகளையும் நினைவில் வைக்கும் ஒரு வயருக்கு வேண்டும். போன் சார்ஜர், டாஷ் கமரா, மின்விசிறி, சின்ன ரீவி, அலங்கார எல்இடி விளக்கு இவை எதற்கும் வேண்டாம். இவை திறப்பு லைனில் வரவேண்டியவை.

கணக்கு

சின்னக் கார் ஒன்றின் பற்றரி புதிதாக இருக்கும்போது 35 அம்பியர் மணித்தியாலம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டாஷ் கமரா சுமார் 0.4 அம்பியர் எடுக்கும். ஒரு இரவு, 12 மணித்தியாலம்: 4.8 அம்பியர் மணித்தியாலம். அடுத்த நாள் நன்றாக ஓடினால் ஒல்டனேற்றர் அதைத் திருப்பி நிரப்பிவிடும். அதனால்தான் தினமும் ஓடுகிற வாகனத்தில் பிழை வெளியே தெரிவதில்லை.

வெள்ளி மாலை ஆறு மணிக்கு நிறுத்திய கார் திங்கள் விடியப்புறம் மூன்று மணிவரை நின்றால் 57 மணித்தியாலம். போன கரண்ட் 22.8. புதிய பற்றரியிலேயே மூன்றில் இரண்டு பங்கு காலி. மூன்று நான்கு வருடம் ஓடிய பற்றரி 35 ஐ வைத்திருக்காது. அது முழுதாகப் படுத்துவிடும்.

சேதம் அந்த ஒரு நாளோடும் முடிவதில்லை. வாகனப் பற்றரி, ஒரு விநாடிக்கு நிறையக் கரண்ட் கொடுத்துவிட்டு உடனே நிரம்பிக்கொள்வதற்காகச் செய்யப்பட்டது. அதை அடிவரை வடியவிட்டால் ஈயத் தட்டுகளில் சல்பேற் இறுகிப் படியும். சார்ஜ் பண்ணினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. இப்படிச் சில தடவை நடந்தால் புதுப் பற்றரி வாங்கத்தான் வேண்டும்.

ஹைபிரிட் கார் வைத்திருப்போருக்கு ஒரு குறிப்பு. பெரிய ஹைபிரிட் பற்றரி இருக்கிறதே என்று எண்ணவேண்டாம். காரின் கணினிகளை எழுப்புவது சிறிய 12 வோல்ற் பற்றரிதான். அது வடிந்தால் கார் அசையாது. செம்மஞ்சள் உறை போட்ட தடித்த வயர்களில் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் இருக்கிறது. அவற்றின் பக்கமே போகக்கூடாது.

கரண்டை எங்கே எடுப்பது?

மிக எளிய வழி சிகரெட் லைட்டர் துளை. ஆனால் எல்லா வாகனத்திலும் அது திறப்போடு நிற்பதில்லை. பல யப்பான் கார்களில் நிற்கும். சில வாகனங்களில் எப்போதும் கரண்ட் இருக்கும். சின்ன விளக்குள்ள ஒரு சார்ஜரைச் செருகித் திறப்பை எடுத்துப் பாருங்கள். விளக்கு அணைந்தால் அது திறப்பு லைன். அணையாவிட்டால் இறங்கும்போது சார்ஜரையும் கழற்றுங்கள்.

வயர் வெளியே தொங்காமல் நிரந்தரமாகப் பூட்டவேண்டுமானால் பியூஸ் பெட்டியிலிருந்து எடுக்கலாம். ஒரு பியூஸ் இருக்கும் இடத்தில் இரண்டு பியூஸ் செருகக்கூடிய சிறிய இணைப்பான் உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கிறது. "பியூஸ் டப்" என்று கேட்கலாம். பியூஸ்களில் பெரியது, சிறியது, கட்டையானது எனப் பல அளவுண்டு. உங்கள் பெட்டியில் இருக்கும் ஒன்றைக் கழற்றிக்கொண்டு போய் அதே அளவில் வாங்குங்கள்.

மீற்றரின் கறுப்பு முனையைப் பொடியில் வைத்து, சிவப்பு முனையால் பியூஸ்களின் மேலே தெரியும் உலோகப் புள்ளிகளைத் தொடுங்கள். திறப்பைப் போட்டால் 12 வோல்ற், எடுத்தால் பூச்சியம் என்று காட்டுவது திறப்பு லைன். ரேடியோ, சிகரெட் லைட்டர், வைப்பர் ஆகியவற்றின் பியூஸ்கள் பெரும்பாலும் பொருத்தமானவை.

இணைப்பானுக்கு முன்பின் உண்டு. பிழையாகச் செருகினால் புதுப்பொருள் எடுக்கும் கரண்டும் பழைய பியூஸ் வழியாகவே போகும். அதன் சுமை கூடும். சரிதானா என்று பார்ப்பது எளிது. பூட்டிய பின்னர் பழைய பியூஸை மட்டும் கழற்றுங்கள். கமரா தொடர்ந்து எரிந்தால் சரி. அணைந்தால் இணைப்பானைக் கழற்றி மறுபக்கமாகத் திருப்பிச் செருகுங்கள்.

தொடக்கூடாதவையும் உண்டு. எயார் பாக், ஏபிஎஸ் பிரேக், எஞ்சின் கணினி, பெற்றோல் பம்ப் இவற்றின் பியூஸ்களிலிருந்து எதையும் எடுக்கவேண்டாம். மஞ்சள் உறை போட்ட வயர்கள் பொதுவாக எயார் பாக்குக்கு உரியவை. பல்ப் பூட்டிய பழைய ரெஸ்ரரால் அவற்றைக் குத்திப் பார்க்கவும் கூடாது. பல்ப் இழுக்கும் கரண்ட் கணினியைப் பழுதாக்கலாம். எயார் பாக்கை வெடிக்கவும் வைக்கலாம்.

முச்சக்கர வண்டியில் விடயம் கொஞ்சம் வேறு. அங்கே திறப்பில் ஒன், ஓவ் மட்டும்தான். எஞ்சினைப் பொறி பறக்கவைக்கும் கரண்டும் அதே லைனில்தான் போகிறது. அந்த வயரைச் சுரண்டி சார்ஜர், செட், விளக்கு எல்லாவற்றையும் முறுக்கிவிட்டால், சார்ஜரில் வரும் சின்ன ஷோர்ட் ஒன்றே நடுறோட்டில் எஞ்சினை நிறுத்திவிடும். அதற்குத்தான் ரிலே.

ரிலே ஏன் வேண்டும்?

கூடுதல் ஹெட்லைட் இரண்டு, ஒவ்வொன்றும் 60 வாட்ஸ். மொத்தம் 120 வாட்ஸ். 12 வோல்ற்றில் 10 அம்பியர். இவ்வளவையும் திறப்பு சுவிச் வழியாக இழுத்தால் சுவிச்சின் உள்முனைகள் சூடாகிக் கருகும்.

ரிலே என்பது சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிச். அதன் அடியில் 85, 86, 30, 87 என்று எண்கள் இருக்கும். 86 க்குத் திறப்பு லைனிலிருந்து, விளக்கின் சுவிச் வழியாக ஒரு மெல்லிய வயர். 85 பொடி எர்த்துக்கு. இந்த இரண்டும் ரிலேயின் சுருளுக்கு. அது எடுப்பது 0.2 அம்பியர் அளவில்தான். 30 க்குப் பற்றரியிலிருந்து பியூஸ் வழியாகத் தடித்த வயர். 87 இலிருந்து விளக்குக்கு. திறப்பை எடுத்தால் சுருள் விடும், விளக்கும் அணையும். பெரிய சுமை பற்றரியிலிருந்தே வருகிறது. ஆனால் கட்டளை திறப்பிடம் இருக்கிறது.

முச்சக்கர வண்டியிலும் இதே முறைதான். திறப்பு லைன் ரிலேயை இயக்குவதற்கு மட்டும். மற்றவை எல்லாம் பற்றரியிலிருந்து, தனிப் பியூஸோடு.

விளக்கு, ஹோர்ன் பூட்டுவோர் இன்னொன்றையும் யோசிக்கவேண்டும். 2025 ஜனவரியில் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் அனுமதியின்றிப் பூட்டிய பொருட்களைக் கழற்றவைக்கும் நடவடிக்கையைப் பொலிஸார் தொடங்கினர். சாரதிகள் சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும் விளக்கு, சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆபத்தானது.

பியூஸ் யாரைக் காப்பாற்றுகிறது?

கமராவைக் காப்பாற்றத்தான் பியூஸ் என்று பலர் நினைக்கிறார்கள். பியூஸ் காப்பாற்றுவது வயரை. வயரைக் காப்பாற்றுவதன் மூலம் வாகனத்தையும் உள்ளே இருப்பவர்களையும்.

பற்றரியிலிருந்து பியூஸ் இல்லாமல் வரும் மெல்லிய வயர் ஒன்று எங்காவது தகரத்தில் உரசி, உறை தேய்ந்து, செம்பு பொடியில் பட்டால் நூற்றுக்கணக்கான அம்பியர் பாயும். பற்றரி அவ்வளவையும் தரக்கூடியது. சில விநாடிகளில் வயர் பழுக்கும், உறை உருகி எரியும். பக்கத்தில் பெற்றோல் குழாய் போகலாம். முச்சக்கர வண்டியில் தலைக்கு மேலே றெக்சீன் கூடாரம், ஆசனத்தில் பஞ்சு. பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருப்பார்கள்.

ஆகவே பியூஸ் பற்றரிக்குக் கிட்ட, ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கவேண்டும். வயரின் மறுமுனையில், செட்டுக்குப் பக்கத்தில் போட்டால், இடையிலுள்ள வயருக்குக் காவல் இல்லை. கமராவுக்கு 2 அல்லது 3 அம்பியர், போன் சார்ஜருக்கு 5 அம்பியர் பியூஸ் போதும். பியூஸ் திரும்பத் திரும்ப எரிந்தால் எங்கோ ஷோர்ட் இருக்கிறது என்று பொருள். அதற்குப் பதிலாக 20 அம்பியர் பியூஸ் போடுவதும், சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றிச் செருகுவதும், நெருப்புக்கு வழிவிடுவது.

வயரும் பியூஸுக்கு ஏற்றதாக இருக்கவேண்டும். 5 அம்பியர் வரை 1 சதுர மில்லிமீற்றர், 10 அம்பியருக்கு 1.5, 20 அம்பியருக்கு 4 என்று வைத்துக்கொண்டால் பயமில்லை. வீட்டுச் சுவரில் இழுக்கும் ஒற்றைக் கம்பி வயரை வாகனத்தில் போடக்கூடாது. அதிர்வில் உள்ளுக்குள் முறியும். பல மெல்லிழைகள் கொண்ட வாகன வயரே வேண்டும். தகரத்தைத் துளைத்துப் போகும் இடத்தில் இறப்பர் வளையம் அவசியம். முறுக்கி ரேப் சுற்றிய மூட்டு ஒரு வெயிலுக்கே இளகிவிடும். அழுத்திப் பூட்டும் முனையோ ஈயப்பற்றோ போட்டு, சூட்டில் சுருங்கும் குழாயால் மூடவேண்டும். எர்த் வயரைப் பெயின்ற் சுரண்டிய சுத்தமான தகரத்தில் நட்டுப்போட்டு இறுக்கவேண்டும்.

நிறுத்தியிருக்கும்போதும் கமரா ஓடவேண்டுமா?

சிலருக்கு அது தேவை. இரவில் வாகனம் றோட்டோரம் நிற்கும். யாராவது உரசிவிட்டுப் போகலாம். அதற்கென்று மூன்று வயர்களோடு ஒரு தொகுதி விற்கிறார்கள். வழமையாக மஞ்சள் எப்போதும் கரண்ட் உள்ள லைனுக்கு, சிவப்பு திறப்பு லைனுக்கு, கறுப்பு எர்த்துக்கு. பூட்டுமுன் பெட்டியோடு வரும் தாளில் நிறத்தைச் சரிபாருங்கள். பற்றரி குறிப்பிட்ட வோல்ற்றுக்குக் கீழே இறங்கியதும் அது கமராவைத் தானே நிறுத்திவிடும்.

அந்த அளவைத் தெரிவுசெய்யும்போது இதை நினைவில் வையுங்கள்: ஓய்வில் இருக்கும் நிறைந்த பற்றரி 12.6 வோல்ற் காட்டும். 12.2 என்றால் பாதி. 12 க்குக் கீழே என்றால் ஏறத்தாழக் காலி. 11.8 இல் நிறுத்தும்படி விட்டால் காலையில் வாகனம் எடுபடாது. 12.2 அல்லது அதற்கு மேல் வையுங்கள்.

கரண்ட் கசிகிறதா என்று பார்க்க

மீற்றரை 10 அம்பியர் நிலையில் வையுங்கள். எல்லாவற்றையும் அணைத்து, திறப்பை எடுத்து, பற்றரியின் மைனஸ் முனையைக் கழற்றி, முனைக்கும் கழற்றிய வயருக்கும் இடையில் மீற்றரைத் தொடுங்கள். கதவுகளை மூடி அரை மணித்தியாலம் விடுங்கள். காரின் கணினிகள் உறங்க அவ்வளவு நேரம் எடுக்கலாம். 0.05 அம்பியருக்குக் கீழே காட்டினால் நல்லது. 0.3, 0.5 என்று நின்றால் ஏதோ ஒன்று விழித்திருக்கிறது. பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது எண் விழுகிறதோ அந்த லைனில்தான் கசிவு. எந்தப் பியூஸுக்கும் விழாவிட்டால், பற்றரியில் நேராகக் கொழுவிய வயர்களைப் பாருங்கள். மீற்றர் அப்படி இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணவே கூடாது; மீற்றர் எரிந்துவிடும்.

இதையெல்லாம் நீங்களே செய்யவேண்டும் என்றில்லை. ஆனால் கராஜில் வாகனத்தைக் கொடுக்கும்போது மூன்று விடயங்களைச் சொல்லலாம். "திறப்பு லைனிலை குடுங்கோ." "பற்றரியிலை இருந்து எடுக்கிறதெண்டால் பக்கத்திலையே பியூஸ் போடுங்கோ." "திறப்பை எடுத்துப்போட்டு ஒருக்கா மீற்றரிலை காட்டுங்கோ." நல்ல வேலைகாரர் யாரும் இதற்குக் கோபிக்கமாட்டார்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 இல்தான் திரும்பத் தொடங்கியது. வரியோடு சேர்த்துப் பார்த்தால் புது வாகனம் எங்களில் பலருக்கு எட்டாது. கையில் இருப்பதைத்தான் இன்னும் பல வருடம் ஓட்டவேண்டும். வன்னியின் பல கிராமங்களில் அந்த ஒரு வாகனத்தில்தான் ஒரு குடும்பத்தின் சோறும் ஒரு ஒழுங்கையின் அவசரமும் தங்கியிருக்கின்றன.

அந்தக் கார்க்காரரின் கமரா இப்போது ரேடியோவின் பியூஸிலிருந்து கரண்ட் எடுக்கிறது. வேலை முடிய அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. "இரவிலை காரை விட்டிட்டு இறங்கினால், ஒருக்காத் திரும்பி நிண்டு பார்த்துப்போட்டுத்தான் வீட்டுக்குள்ள போறனான்" என்கிறார்.

நீங்களும் இன்றிரவு திறப்பை எடுத்துவிட்டு, இருட்டில் உங்கள் வாகனத்துக்குள் ஒருமுறை பாருங்கள். எங்காவது ஒரு சின்ன விளக்கு இன்னும் எரிகிறதா?